ஏழாவது இடத்தில் ஒரு சாய்கோடு

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைக் கடையில் பழைய அலுவலக நண்பர்கள் கூடிச் சாப்பிட்டோம். ஒருவர் தன் மருமகனையும் அழைத்து வந்திருந்தார். மென்பொருள் எழுதும் இளைஞர். நானும் அதே வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததும் பிசைந்துகொண்டிருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆட்டோகம்ப்ளீட் இல்லாம, எர்ரர் ஹைலைட் இல்லாம எப்படி ஆன்டி கோட் எழுதினீங்க? பாவம்லா நீங்க."

"யாரு சொன்னா இல்லேன்னு?"

"அப்பவே இருந்துச்சா? யாரு செட் பண்ணிக் கொடுத்தா?"

"நான்தான். அதுக்கு ஒரு வார்னிங் லெட்டரும் வாங்கினேன்."

மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த இளைஞரும் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொன்னதாக நினைத்துவிட்டார். எனக்குப் பரிதாபம் வேண்டியதில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் இறுதியில் கோலாலம்பூரில் ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்தும் வேலையில் சேர்ந்தேன். அங்கே கற்றது ஒன்றுதான். கண் பொய் சொல்லும். தாளில் என்ன இருக்கிறதோ அதைக் கண் படிப்பதில்லை, இருக்க வேண்டியதைப் படித்துவிட்டுப் போய்விடுகிறது. அமைச்சரின் பெயரில் ஓர் எழுத்து விழுந்திருந்தாலும் கண் அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதனால் வரிகளைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படிக்கப் பழகினோம். பொருள் உடைந்தால்தான் எழுத்து தெரியும்.

பிறகு மாலை வகுப்பில் கோபால் (COBOL) என்ற கணினி மொழி படித்தேன். பிரிக்பீல்ட்ஸில் கடைவரிசையின் மாடியில் இருந்த ஒரு கணினிச் சேவை நிறுவனத்தில் புரோகிராமராகச் சேர்ந்தேன். மற்ற நிறுவனங்களின் பட்டியல்கள், பதிவேடுகள், அறிக்கைகள் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி அச்சிட்டுத் தருவது எங்கள் தொழில். தட்டச்சு செய்யும் பெண்கள் கிள்ளான் கிளையில் இருந்தார்கள். பெரிய கணினி வேறோர் இடத்தில் இருந்தது. நாங்கள் சிறிய கணினிகளில் எழுதித் தொலைபேசி வழியாக அதற்கு அனுப்புவோம்.

எங்கள் மேலாளர் மிஸ்டர் நாதன். அவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை, சட்டைப் பையில் எஃகு அளவுகோல். நாங்கள் எழுதும் ஒவ்வொரு புரோகிராமும் அச்சாகி அவர் மேசைக்குப் போக வேண்டும். அவர் அளவுகோலை ஒரு வரியின் கீழ் வைப்பார், படிப்பார், அடுத்த வரிக்கு இறக்குவார். தவறு கண்ட இடத்தில் அளவுகோல் நிற்கும். எதுவும் சொல்ல மாட்டார். அது ஏன் அங்கே நிற்கிறது என்று எதிரே நிற்பவர் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும், "ஒன்ஸ் மோர்" என்று தாளைத் திருப்பித் தருவார். குரலை உயர்த்தி ஒருநாளும் பேசியதில்லை. எங்களில் பாதிப்பேர் அந்த அளவுகோலைக் கனவில் கண்டிருக்கிறோம்.

கோபாலில் இடம் முக்கியம். ஒரு வரியின் முதல் ஆறு இடங்கள் வரிசை எண்ணுக்கு. ஏழாவது இடம் காவல்காரன் மாதிரி. அங்கே நட்சத்திரக் குறி இருந்தால் அந்த வரி வெறும் குறிப்பு, கணினி அதைப் படிக்காது. சாய்கோடு இருந்தாலும் அப்படியே, கூடுதலாக அச்சில் புதுப் பக்கம் தொடங்கும். எழுபத்திரண்டாவது இடத்தைத் தாண்டி எழுதியது கணக்கில் வராது. தாண்டிவிட்டாய் என்று கணினி சொல்லவும் செய்யாது. வரியின் வாலை விழுங்கிவிட்டு, வேறெங்கோ பிழை என்று காட்டும்.

பெயர்கள் இன்னொரு தொல்லை. பாதி மலாயில், பாதி ஆங்கிலத்தில். தேதிக்கு மலாயில் 'தாரிக்', கடைசியில் ஓர் 'ஹெச்' வரும். அந்த எழுத்தை விட்டால் 'இழு' என்று பொருள். தே தாரிக் குடிக்கும் எங்கள் கைகளுக்கு இழுக்கிற தாரிக்தான் பழக்கம். பிறந்த தேதி, சேர்ந்த தேதி எல்லாம் இழுத்த தேநீராகிப் பிழையாய் வந்து விழும். "இன்னிக்கு எத்தனை கிளாஸ் தே?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.

எண்பதுகளின் இறுதியில் புதிய கணினிகள் சில வந்தன, வண்ணத் திரையோடு. கூடவே புரோகிராம் எழுதித் திருத்த 'எடிட்டர்' என்ற மென்பொருள் ஒன்று. அதில் நமக்கு வேண்டிய கட்டளைகளை நாமே எழுதிச் சேர்க்கலாம். அதன் கையேட்டை யாரும் பிரிக்கவில்லை. நான் பிரித்தேன்.

முதலில் செய்தது சொல் நிரப்புதல். 'TA' என்று அடித்து ஒரு விசையைத் தட்டினால், எடிட்டர் கோப்பில் மேலே தேடி, அந்த எழுத்துகளில் தொடங்கும் சொல்லைக் கொண்டுவந்து முடித்துவிடும். மிஸ்டர் நாதன் என் பின்னால் நின்று பார்த்தார்.

"மேலே இருக்கிற சொல்லே தப்புன்னா?"

"தப்புதான் வரும் சார்."

"அப்போ கிளி வளர்க்கறே."

அவர் சொன்னது சரி. ஒரு தாரிக் தப்பானால் கீழே எல்லாம் தப்பாயின. அடுத்த வாரமே அதை மாற்றினேன். கோப்பில் தேடாமல், அங்கீகரித்த பெயர்களை மட்டும் ஒரு தனிக் கோப்பில் வைத்து, அதிலிருந்து மட்டுமே நிரப்பும்படி செய்தேன். அதில் இல்லாத சொல்லை அடித்தால் ஒரு சிறிய 'டிக்' ஒலி வரும். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாதது பாராட்டு என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அடுத்து வண்ணம். எழுபத்திரண்டைத் தாண்டியது சிவப்பு. மூடாத மேற்கோள்குறி சிவப்பு. குறிப்பு வரிகள் மங்கல் சாம்பல். மற்றவை வெள்ளை. பத்திரிகையில் கற்றதைத்தான் இங்கே செய்தேன். நான் எழுதியதாக நினைப்பது ஒன்று, இயந்திரம் படிப்பது இன்னொன்று. இரண்டாவது என் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் வண்ணம்.

இதை மிஸ்டர் நாதன் ஏற்கவில்லை.

"கலர் சினிமா போஸ்டருக்கு. புரோகிராமருக்குக் கண்ணு இருக்கணும். சிவப்பு அடிச்சுக் காட்டினாத்தான் தெரியும்னா, நாளைக்குச் சிவப்பு வராத தப்பை யாரு பார்ப்பா?"

அதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு, எல்லா இயந்திரங்களிலும் வண்ண அமைப்பை நீக்க வேண்டும் என்று எழுத்தில் ஆணை வந்தது. மற்றவர்கள் நீக்கினார்கள். நான் நீக்கவில்லை. என் திரை சுவரைப் பார்த்து இருந்தது.

இனிக் கேரித் தீவு விஷயம்.

கிள்ளானை அடுத்த அந்தத் தீவில், பாமாயில் தரும் செம்பனைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டுப் புதிய வீடுகள் கட்டியிருந்தார்கள். யார் யாருக்கு வீடு என்ற பெயர்ப்பட்டியலை அச்சிட்டுத் தரும் வேலை எங்களிடம் வந்தது. வழக்கமாகப் பட்டியல்களில் முதலில் வரிசை எண் இருக்கும், பிறகு பெயர். இந்த முறை தோட்டத்து எழுத்தரான கிராணியார் எண்ணே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நம்பர் போட்டா, நம்பர் ஒன் யாருன்னு அங்க வெட்டுக்குத்து நடக்கும். பேரு மட்டும் போடுங்க." அதனால் பெயர் வரியின் முதல் இடத்திலிருந்தே தொடங்கியது.

கிள்ளான் கிளையில் அதைத் தட்டச்சு செய்தவள் சரோஜா. அவள் அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் பெற்றோர் இன்னும் அங்கே இருந்தார்கள். பட்டியல் அச்சாகித் தோட்ட அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்டது. அன்றே சண்டை. மணி பெயர் இல்லை. ரவி இல்லை. தேவி இல்லை. ராஜு, பாலா என்று இன்னும் சிலர் இல்லை.

மறுபடி அடிக்கச் சொன்னார்கள். சரோஜா மறுபடி அடித்தாள், ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்துச் சரிபார்த்து. மறுபடி அச்சானது. அதே ஆட்கள் மறுபடி இல்லை.

முதல் முறை கவனக்குறைவு என்றவர்கள் இரண்டாம் முறை வேறு பேச்சு பேசினார்கள். மணிக்கும் சரோஜாவின் அப்பாவுக்கும் கோயில் கமிட்டியில் பழைய தகராறு உண்டு. மகள் வேண்டுமென்றே விட்டுவிட்டாள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. ஒரே ஆட்கள் இரண்டு முறை விடுபட்டால் வேறு எப்படி நினைப்பார்கள்? மிஸ்டர் நாதனும் அப்படித்தான் நினைத்தார். ஊழியர் தவறு, நடவடிக்கை எடுக்கப்படும் என்று தோட்டத்துக்கு எழுதிவிட்டார். வார இறுதியோடு சரோஜாவுக்கு வேலை இல்லை என்று முடிவானது.

அடுத்த நாள் காலை அவள் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபத்தில் இருந்தாள். பட்டியல் இருந்த டிஸ்கெட்டை என் மேசையில் வைத்தாள்.

"அக்கா, நான் அடிச்சேன். மணி மாமாவையும் அடிச்சேன், அவர் பொண்டாட்டி தேவியையும் அடிச்சேன். நீங்களே திறந்து பாருங்க. இல்லேன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"உங்கப்பா என்ன சொல்றாரு?"

"கோயிலுக்குப் போகலையாம். போனா எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாங்களாம். 'ஏன்டி செஞ்சே'ன்னு என்னையே கேக்கறாரு. அவரே கேக்கறாருக்கா."

டிஸ்கெட்டைப் போட்டேன். எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கோப்புகளுக்கும், அது புரோகிராமோ பெயர்ப்பட்டியலோ, கோப்பின் வகையைச் சொல்லும் ஒட்டாகப் பெயருக்குப் பின்னால் ஒன்றையேதான் வைக்க வேண்டும். மிஸ்டர் நாதனின் ஒழுங்கு. அதனால் என் எடிட்டர் அதையும் கோபால் என்றே எடுத்துக்கொண்டது. என் வண்ணங்களோடு திறந்தது.

பெயர்கள் எல்லாம் இருந்தன. ஒன்றுகூட விடுபடவில்லை.

சரோஜா திரையை எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, உங்க ஸ்கிரீன் கெட்டுப்போச்சா? சில பேரு மங்கலா இருக்கு?"

நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பெயர்களுக்கு நடுவே சில பெயர்கள் சாம்பலாய் இருந்தன. மணி. தேவி. ரவி. ராஜு. பாலா.

நம் மலேசியாவில் தமிழர் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு உண்டு. ஆணுக்கு A/L, பெண்ணுக்கு A/P. மலாயில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள். அடையாள அட்டையில் அப்படித்தான் இருக்கும். MANI என்பது நான்கு எழுத்து. பிறகு ஓர் இடைவெளி, ஐந்து. A, ஆறு. சாய்கோடு, ஏழு.

நான்கெழுத்துப் பெயருள்ள ஒவ்வொரு தமிழனுக்கும் சாய்கோடு போய் உட்கார்ந்தது ஏழாவது இடத்தில். என் எடிட்டர் அந்த வரிகளைக் குறிப்பு என்று மங்கலாக்கியது. மாரியப்பனுக்கு ஆபத்தில்லை. மகன் என்பதற்கு 'பின்' (bin) என்று போடும் மலாய்க்காரருக்கும், சாய்கோடே இல்லாத சீனருக்கும் ஆபத்தில்லை. மணிக்கும் தேவிக்கும்தான்.

மங்கலாக்கியதுதான் என் வேலை. காணாமல் போக்கியது வேறொன்று. பெரிய கணினிக்குக் கோப்பு அனுப்பும்போது வழியில் ஒரு சிறு புரோகிராம் ஓடும். பெயர் 'பெர்சே', மலாயில் சுத்தம். குறிப்பு வரிகளை நீக்கி இடத்தை மிச்சப்படுத்தும். புரோகிராம்களுக்காக எழுதியது, ஆனால் ஒரே ஒட்டு என்பதால் எல்லாக் கோப்பிலும் ஓடியது. இதுவரை வரிசை எண் முன்னால் நின்று பெயர்களைத் தள்ளி வைத்திருந்தது. எண்ணை எடுத்ததும் மணி ஏழாவது இடத்தில் மாட்டிக்கொண்டார். பெர்சேயை எழுதியவர் மிஸ்டர் நாதன்.

சரோஜாவிடம் விளக்கினேன்.  "அப்போ நான் இல்லைல்ல?" என்றாள்.

"நீ இல்லை."

"அவர்கிட்ட சொல்லுங்க. தோட்டத்துலயும் சொல்லணும். அங்கதான் எங்கப்பா இருக்காரு."

மிஸ்டர் நாதனை அழைத்தேன். அவர் வந்து திரையைப் பார்த்தார். நீக்கச் சொன்ன வண்ணங்கள் அவர் முகத்துக்கு எதிரே இருந்தன.  அளவுகோலை எடுத்துக் கண்ணாடித் திரையின் மேல் வைத்தார், MANI-யின் கீழே. பென்சில் முனையால் எண்ணினார். ஏழில் பென்சில் நின்றது. முதல் முறையாக, அளவுகோல் நின்ற இடத்தில் தவறு அவருடையது.

சரோஜாவை வெளியே உட்காரச் சொன்னார்.

"பெர்சேயை நான் இன்னிக்கே சரி பண்றேன். லிஸ்ட் சரியாப் போயிடும். அந்தப் பெண்ணை வேலையை விட்டு எடுக்க வேண்டாம், வேற செக்‌ஷனுக்கு மாத்திடலாம். நாளைக்குக் கிராணி வராரு. டிஸ்கெட் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம். அதுக்கு முன்னாடி இந்தக் கலரை எடுத்துடு."

"டிஸ்கெட் கெட்டா எப்படி சார் நாலு எழுத்துக்காரங்க மட்டும் விடுபடுவாங்க? தோட்டத்துல நம்ப மாட்டாங்க. அவதான்னு பேசிக்கிட்டே இருப்பாங்க."

"லெட்டர் போயாச்சு கமலா. புரோகிராம் தப்புன்னு சொன்னா நாளைக்கு எந்த கஸ்டமர் வருவான்? முப்பது பேரு இங்க சம்பளம் வாங்கறாங்க. உனக்குப் புரியலையா?"

"புரியுது சார். கலரை எடுக்க மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அளவுகோலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.  

மறுநாள் கிராணியார் வந்தார். தனியாக வரவில்லை. மணியையும் அழைத்து வந்திருந்தார். பெரிய மீசை, சலவைச் சட்டை, சண்டைக்குத் தயாரான நடை. அன்றும் கிள்ளானிலிருந்து வந்து காத்திருந்த சரோஜாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மிஸ்டர் நாதன் டிஸ்கெட் என்று தொடங்கினார். நான் எழுந்து, என் திரையைச் சுவர்ப்பக்கத்திலிருந்து அறைப்பக்கம் திருப்பினேன்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க."

மணி குனிந்தார். தன் பெயரைக் கண்டுபிடிக்கச் சற்று நேரமானது. "இருக்கே! ஆனா ஏம்மா என் பேரு மட்டும் இப்படி மங்கிப்போய்க் கிடக்கு? பொண்டாட்டி பேரும் அப்படியே."

"உங்க பேருல இருக்கிற கோடு தப்பான எடத்துல நிக்குதுண்ணே. எங்க புரோகிராம் அதைப் பார்த்துட்டு, இது ஆளு இல்லைன்னு தூக்கிப் போட்டுடுச்சு. சரோஜா ரெண்டு தடவையும் உங்களை ஒழுங்கா அடிச்சிருக்கா."

"கோடுன்னா, ஏ-எல் கோடா?"

"அதேதான். இப்போ பாருங்க." அவர் பெயருக்கு முன்னால் ஸ்பேஸ் பாரை ஒரு முறை தட்டினேன். சாய்கோடு எட்டுக்கு நகர்ந்தது. MANI A/L வெள்ளையாகப் பளிச்சென்று வந்தது.

"அட! ஒரு தள்ளு தள்ளினா வெளிச்சம் வருது!" பிறகு கிராணியாரிடம் திரும்பினார். "எங்கப்பன் பேரைச் சொல்ற கோடுலா அது. அதுக்கா என்னை ஆளே இல்லைன்னீங்க?"

கிராணியார் மிஸ்டர் நாதனைப் பார்த்தார். மிஸ்டர் நாதன் என் திரையைப் பார்த்தார்.

மணி சரோஜாவிடம் போனார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. "உங்கப்பன் கூடச் சண்டை அது வேற. அது இருக்கும். இது வேற. அவனை வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வரச் சொல்லு. கணக்கு கேக்க வேண்டியது இன்னும் பாக்கி இருக்கு."

"சொல்றேன் மாமா" என்றாள் சரோஜா. அந்த வாரம் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பட்டியல் சரியாக அச்சானது. பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகத் தோட்டத்துக்கு இன்னொரு கடிதம் போனது. புரோகிராமில் தவறு என்று அதில் தெளிவாக இருந்தது. மிஸ்டர் நாதனே எழுதிக் கையெழுத்திட்டார். சரோஜா அதே நாற்காலியில் வேலை பார்த்தாள்.

எனக்கும் ஒரு கடிதம் வந்தது. ஆணையை மீறி வண்ண அமைப்பை வைத்திருந்ததற்கும், வாடிக்கையாளர் முன்னால் அனுமதியின்றிப் பேசியதற்கும் எச்சரிக்கை. கீழே 'வருந்துகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடச் சொன்னார்கள். 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். திருப்பி அனுப்பினார்கள். மறுபடி 'பெற்றுக்கொண்டேன்' என்றே எழுதினேன். அதோடு விட்டுவிட்டார்கள். பதவி உயர்வு வர வேண்டிய இடத்தில் வரவில்லை, வேறொருவருக்குப் போனது. அதற்கும் நான் வருந்தவில்லை.

மிஸ்டர் நாதன் கடைசிவரை கருப்பு வெள்ளையில்தான் வேலை பார்த்தார். வண்ணத்தை நீக்கச் சொன்ன ஆணையை அவர் திரும்பப் பெறவே இல்லை. ஆனால் ஒவ்வொருவராக, காலி டிஸ்கெட் ஒன்றைக் கையில் மறைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்கள். "கமலா, அந்த செட்டிங் கொஞ்சம்…" என்பார்கள். கொடுத்தேன். ஒரு வருடத்தில் அந்த மாடியில் அவர் திரை மட்டும்தான் வண்ணமில்லாமல் இருந்தது.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் எடிட்டர்கள் மாறின. மொழிகள் மாறின. இப்போது நான் இரண்டு எழுத்து அடித்தால் முழு வரியையும் முடித்துத் தருகிறது, அடியில் சிவப்பு நெளிகோடு போடுகிறது, ஆலோசனை வேறு சொல்கிறது. நல்லதுதான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்காகச் சண்டை போட்டவளே நான்தான். ஆனால் எந்தத் திரையானாலும், யார் எழுதியதானாலும், பெயர் கேட்கும் கட்டத்தில் நான் முதலில் அடிப்பது ஒரே ஒரு பெயர்.

MANI A/L.

போன மாதம் சாப்பாடு முடிந்ததும் அந்த இளைஞரின் கைப்பேசியை வாங்கி, அவர் எழுதிய செயலியில் அதை அடித்துப் பார்த்தேன். கட்டம் சிவப்பானது. செல்லாத எழுத்து, சரியான பெயரை உள்ளிடவும் என்று வந்தது.

"அதுவா ஆன்டி, அந்த ஸ்லேஷை விட்டுட்டு அடிங்க, போயிடும்" என்றார்.

நான் கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "உட்காருங்க தம்பி" என்றேன். "இதைச் சரி பண்ணிட்டுப் போகலாம்."